வெறுங்கைப் பயிற்சி

ஆகஸ்ட் 19

“ஏன் டீச்சரம்மா, வெறுங்கையைத் தூக்கித் தூக்கி எறக்குறதுக்கு இந்தக் கொடத்தைத் தூக்கி எறக்குனா ஆவாதா?”

போன வாரம் தெய்வானை கேட்டது. ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் பல வருஷம் அறிவியல் எடுத்தவள் நான். கேள்விகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பதில் சொன்னதும் உட்கார்ந்துவிடும். இன்னொன்று நின்றுகொண்டே இருக்கும். “பூமி சுத்துதுன்னா நமக்கு ஏன் டீச்சர் தலை சுத்தல?” என்று ஒருத்தி கேட்டாள். ஓடும் பேருந்துக்குள் உட்கார்ந்திருப்பதை உதாரணம் சொன்னேன், உட்கார்ந்துவிட்டது. தெய்வானையின் கேள்வி ஒரு வாரமாக நின்றுகொண்டிருக்கிறது. அதனால்தான் ஜனவரியில் வங்கியில் கொடுத்த டைரியை ஆகஸ்டில் திறக்கிறேன்.

எங்கள் தெருமுனையில் தண்ணீர்த் தொட்டி, அதன் கீழே சின்னப் பூங்கா. காலை ஆறு மணிக்கு அங்கே நாங்கள் கூடுவோம். தலைவர் சிராஜுதீன் பாய், தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்லச் சொல்லக் கையைத் தூக்குவோம், இறக்குவோம், கழுத்தைச் சுற்றுவோம். கடைசியாக வட்டமாக நின்று “ஹா ஹா, ஹோ ஹோ” என்று சிரிப்புப் பயிற்சி. பத்மாவதிக்கு முழங்கால் வலி. பேட்டரிக் கடை குணசீலனுக்குத் தொப்பை. எனக்குச் சர்க்கரை. தெய்வானை குழுவில் இல்லை. பூங்காவை ஒட்டிய குழாயில் தண்ணீர் பிடித்துத் தன் இட்லிக் கடைக்குச் சுமப்பவள். அவள் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். அன்று மட்டும் சிரிப்புப் பயிற்சி தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார், “எ… என்ன சத்தம்?”

சொன்னேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இவரைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அம்பலவாணன் என்றால் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. பி.டி. சார் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். ஒரு விசிலுக்கு வரிசை நிற்க வேண்டும். இரண்டு விசில் அடித்தால், வரிசையைக் கெடுத்தவன் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். கடைத்தெருவில் இவர் வந்தால் நரைத்த தலைகள்கூட மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிடும். பிப்ரவரியில் ஒரு காலை பல் துலக்கும்போது விழுந்தார். வலது கை, வலது கால், வாயின் வலது ஓரம் மூன்றும் போயின. கை கொஞ்சம், கால் கொஞ்சம் திரும்பி வந்திருக்கின்றன. பேச்சு திக்கித் திக்கி வருகிறது.

டாக்டர் போன மாதம் தெளிவாகவே சொன்னார்: “வீட்டுக்குள்ளயே சுத்துறது பத்தாதும்மா. வெளிய, மேடு பள்ளத்துல நடக்கணும். இப்ப விட்டுட்டா கால் இறுகிடும், அப்புறம் கட்டில்தான்.”

இவர் ஹாலில் நடக்கிறார். வாசற்படி தாண்டுவதில்லை. ஊர் பார்க்கக் கூடாதாம்.

ஆகஸ்ட் 20

சாம்பாரில் புளி கூடிவிட்டது. இவர் ஹாலில் நடக்கவில்லை. நான் பூங்காவுக்குப் போனேன்.

ஆகஸ்ட் 24

பாய்க்கும் அந்தக் கேள்வி உட்காரவில்லை போலிருக்கிறது. இன்று பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு, “அந்தம்மா கேட்டதுல தப்பில்லையே? பத்து நிமிஷம் உடம்பை வளைப்போம், மிச்ச நேரம் யாருக்காவது ஒரு வேலை செஞ்சு குடுப்போம். வேர்க்கணும், அதான் கணக்கு. என்ன சொல்றீங்க?” என்றார்.

பத்மாவதி, “என் முட்டி என்ன சொல்லுதுன்னு கேக்கணும்,” என்றாள். பிறகு அவள்தான் முதல் ஆளாகக் குழாயடிக்குப் போனாள்.

ஆளுக்கொரு குடம். குணசீலன் தோளில் வைத்தான், சட்டை முழுக்க நனைந்தது. பாய் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிப்போவது மாதிரி போனார். இடுப்பில் குடம் வைத்தே எத்தனை வருஷம் ஆகிறது எனக்கு! இட்லிக் கடை வந்து சேர்ந்தபோது எல்லாக் குடமும் முக்கால்தான்.

தெய்வானை இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களையும் தெருவையும் மாறிமாறிப் பார்த்தாள். “வர்ற வழியெல்லாம் வாசல் தெளிச்சிட்டீங்க. நாளைக்கு வந்து கோலத்தையும் போட்டுட்டுப் போயிருங்க.”

இவரிடம் சொன்னேன். ஜன்னலிலிருந்து பார்த்தாராம். “மு… முதுகு,” என்றார். “முட்டியை மட… மடக்கித் தூக்கணும். உங்க பாய் முதுகை ஒடிச்சுக்குவாரு.” எனக்கு எரிச்சலாக வந்தது. போய் உதவி செய்துவிட்டு வந்தவளிடம் குறை சொல்லும் பழக்கம் வாதம் வந்தும் போகவில்லை.

இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். இவ்வளவு நீளமாக இவர் பேசி நாளாகிறது.

ஆகஸ்ட் 31

எங்கள் தெருவில் ஜோசப்பின் அம்மா என்று எல்லோரும் கூப்பிடும் வயசான அம்மா மாடி வீட்டில் தனியாக இருக்கிறார், முன்னாள் நர்ஸ். இந்த வாரம் முழுக்க அவருக்குத் தண்ணீர், அரிசி, காய்கறி எல்லாம் எங்கள் காலைப் பயிற்சிதான். மாடிப்படி ஏறி இறங்கியதில் குணசீலனுக்கு வேட்டி தளர்கிறதாம். தெய்வானையும் இட்லி ஊற்றி வைத்துவிட்டுக் கால்மணி நேரம் எங்களோடு வருகிறாள். “எனக்கு எதுக்குடி எக்சர்சைஸு, ஒங்களை மேய்க்கத்தான் வர்றேன்,” என்று பத்மாவதியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 4

இவர் வெள்ளை பேண்ட்டை இஸ்திரி போடச் சொன்னார். எதற்கு என்று கேட்கவில்லை. மடிப்பு கத்தி மாதிரி நிற்கும்படி தேய்த்து மாட்டிவைத்தேன். மாலையில் சவரமும் செய்துகொண்டார், இடது கையால். தாடையில் இரண்டு இடத்தில் கீறல்.

செப்டம்பர் 5

ஆசிரியர் தினம். ஒவ்வொரு வருஷமும் இவருடைய பழைய மாணவர்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள். இந்த வருஷமும் வந்தார்கள். குணசீலன் மாலையோடு நின்றான். பின்னால் நான்கைந்து பேர். உள்ளே எட்டிப் பார்த்தேன். பேண்ட், சட்டை, பெல்ட் எல்லாம் போட்டு, தலை வாரி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

“சார் தூங்குறாருப்பா,” என்றேன்.

“எழுப்ப வேணாம் டீச்சர்,” என்று குணசீலன் மாலையைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனான். சாமந்தி மாலை. பிறகு அதைச் சாமி படத்துக்குப் போட்டேன். பேண்ட்டைத் திரும்ப மாட்டிவைத்தேன், மடிப்புக் கலையவில்லை.

மதியம் வத்தக்குழம்பு.

செப்டம்பர் 12

பாய்க்குப் புது யோசனை. வீட்டைவிட்டு வெளியே வரமுடியாதவர்களை நடந்தே போய்ப் பார்ப்பது, பேசிக்கொண்டிருந்துவிட்டு நடந்தே திரும்புவது. நடைக்கு நடையும் ஆச்சு, அவர்களுக்கும் மனுஷ முகம் பார்த்த மாதிரி ஆச்சு. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. யார் யார் வீடு என்று பேச்சு வந்தபோது குணசீலன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “சாரைப் பாக்க வரலாமா டீச்சர்?”

“வாங்களேன்,” என்றேன்.

இவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று தெரியும்.

செப்டம்பர் 14

வந்தார்கள். ஆரஞ்சு, ஆப்பிள், சத்துமாவு டப்பா. கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். இவர் பனியன், கைலியில் இருந்தார். போர்வையை இழுத்து வலது கையை மூடிக்கொண்டார்.

பத்மாவதி தன் மாமாவுக்கு ஏதோ எண்ணெய் தேய்த்துக் குணமான கதையைச் சொன்னாள். குணசீலன் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு நின்று போனது. பாய் நல்ல மனுஷர். அமைதி அவருக்குத் தாங்காது. எழுந்து நின்றார். “சாருக்காக நாம எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை சிரிப்போமா? நரம்புக்கு ரொம்ப நல்லது!”

தடுத்திருக்க வேண்டும். அதற்குள் எல்லோரும் எழுந்து கையைத் தூக்கிவிட்டார்கள். கையை மேலே தூக்கி, வாயை அகலத் திறந்து, “ஹா ஹா, ஹோ ஹோ.” பாதி வாய் அசையாத ஒரு மனுஷரின் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு.

இவர் இடது கையால் பழத்தட்டைத் தள்ளினார். ஆரஞ்சுகள் உருண்டு கட்டிலுக்கு அடியில் ஓடின. “போ,” என்றார். திக்காமல் வந்த சொல் அது ஒன்றுதான்.

எல்லோரும் போய்விட்டார்கள். தெய்வானை மட்டும் முட்டிபோட்டு ஆரஞ்சுகளைப் பொறுக்கித் தட்டில் வைத்தாள். வாசலில் என் காதருகே சொன்னாள்: “அய்யா கோவப்பட்டாருல்ல, நல்லதுதான் டீச்சரம்மா. உள்ள மனுசன் இருக்காரு.”

செப்டம்பர் 15

பூங்காவுக்குப் போகவில்லை.

செப்டம்பர் 18

ஹாலில் நடப்பதையும் நிறுத்திவிட்டார். காலைப் பிடித்து நீட்டினால் முழங்கால் முன்போல வளையவில்லை, கட்டை மாதிரி நிற்கிறது. டாக்டருக்குப் போன் செய்தேன். “நான் சொன்னேனேம்மா,” என்றார்.

மதியம் ரசம் சாதத்தைத் தட்டோடு தள்ளிவிட்டார். துடைத்தேன். இன்னொரு முறை பிசைந்து கொண்டுபோனேன். அதையும் தள்ளினார். நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. பிறகு கொல்லைக்குப் போய், துவைக்க வேண்டிய தேவையில்லாத திரைச்சீலைகளையெல்லாம் துவைத்தேன்.

செப்டம்பர் 22

எங்கள் கொல்லைச் சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால் போகிறது. மழைத் தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுபோகும் வாய்க்கால். பெயருக்குத்தான் வாய்க்கால். வண்டலும் பிளாஸ்டிக்கும் அடைத்துத் தரைமட்டமாகக் கிடக்கிறது. போன ஐப்பசியில் தண்ணீர் போக வழியில்லாமல் தெய்வானையின் தெருவுக்குள் புகுந்தது. அவள் அடுப்பு இரண்டு நாள் முங்கிக் கிடந்தது. இந்த வருஷம் மழைக்கு முன்னால் தோண்டிவிடுவதென்று குழு முடிவு செய்திருக்கிறது. முள்செடியை வெட்டிக் கொடுத்தது நகராட்சி, மண்ணை அள்ளுவது எங்கள் பங்கு. குணசீலன் வந்து கூப்பிட்டான். போனேன்.

ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்று மண்சட்டியைக் கைமாற்றினோம். முன்னால் நிற்பவர் திரும்புவதற்குள் பின்னால் இருப்பவர் நீட்டுகிறார். ஒருவர் கையில் இரண்டு சட்டி, அடுத்தவர் கையில் ஒன்றுமில்லை. பத்மாவதியின் காலில் ஒரு சட்டி விழுந்தது. எட்டு மணிக்குப் பார்த்தால் ஒரு கட்டில் அகலம்கூடத் தோண்டவில்லை.

செப்டம்பர் 24

பாய் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரம் படுக்கையாம். இவர் ஆகஸ்டில் சொன்னது நினைவுக்கு வந்தது. வானம் மாலையில் மூட்டம் போடத் தொடங்கிவிட்டது.

செப்டம்பர் 26

காலை மண் வேலை முடிந்து வந்தால் இவரைக் கட்டிலில் காணோம். பதறிவிட்டேன். கொல்லைக் கதவருகே, சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்த இடுக்கு வழியாக வாய்க்கால் தெரியும்.

“கோ… கோகிலா. ஸ்பூன்.”

“பசிக்குதா?”

தலையில் அடித்துக்கொண்டார். “ஸ்பூன்! எல்லாம்!”

சமையலறையில் இருந்த அத்தனை ஸ்பூனையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டேன். நடந்து வந்தார், நான் பிடிக்காமலே. இடது கையால் ஸ்பூன்களை ஒன்றன் பின் ஒன்றாக ஒரே வரிசையில் வைத்தார். “இது நீ… நீங்க.” அதைக் கலைத்தார். பிறகு இரண்டு வரிசையாக, எதிரும் புதிருமாக, ஒன்றுக்கு நேராக இன்னொன்று வராமல் இடைவெளிக்கு இடைவெளி வைத்தார். உப்பு டப்பாவை எடுத்து இந்தப் பக்கத்து ஸ்பூனிலிருந்து அந்தப் பக்கத்து ஸ்பூனுக்கு, அங்கிருந்து மறுபடி இந்தப் பக்கத்துக்கு, கோணல் கோணலாக நகர்த்திக் கடைசிவரை கொண்டுபோனார். யாரும் இடுப்பைத் திருப்ப வேண்டாம். கையை நீட்டினால் போதும்.

“ஒரே தாளம். எ… எல்லாரும் ஒரே நேரத்துல.”

தையல் போடுவது மாதிரி இருந்தது. அவ்வளவு சுலபம். “நான் போய் அவங்ககிட்ட சொல்லிடறேங்க,” என்று எழுந்தேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ தப்பா சொல்லுவே.”

பதில் வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். வகுப்பில் ஒரு பிள்ளை விடையின் பக்கத்தில் வந்து நிற்கும்போது ஆசிரியர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, வாயை மூடிக்கொள்வது.

“ஆமா,” என்றேன். “எனக்கு சரியா சொல்ல வராது.”

செப்டம்பர் 27

குணசீலனின் கடைக்குப் போனேன். “சாரைப் பாக்க வராதே. சார்கிட்ட கேக்க வா,” என்றேன். ஒன்றும் புரியாமல் விழித்தான். “பழம், பூ, ஒண்ணும் வேணாம். மண்ணும் சேறுமா வா. கொல்லைப் பக்கம் நில்லு, உள்ள வராதே. உனக்குத் தெரியாததைக் கேளு.”

“எனக்குத் தெரியாதது நிறைய இருக்கே டீச்சர்.”

“வரிசை நிக்கத் தெரியலையே. அதைக் கேளு.”

செப்டம்பர் 28

இன்றைக்கு நடந்ததை நடந்தபடியே எழுதப் பார்க்கிறேன்.

ஏழு மணி இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குணசீலன் குரல்: “சார்! சார்! வரிசை கோணலாப் போவுது சார்! பாய் முதுகும் போச்சு! எப்படி நிக்கணும்னு வந்து சொல்லுங்க சார்!”

இவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அசையவில்லை. மறுபடியும் குரல் வந்தது. இந்த முறை தெய்வானை: “சீக்கிரம் வாங்கய்யா! அடுப்புல இட்லி வெந்துட்டுருக்கு, எனக்கு நேரமில்ல!”

என் பக்கம் திரும்பினார். “பேண்ட்டு.”

வெள்ளை பேண்ட்டைப் போட அரை மணி நேரம் ஆயிற்று. வலது காலை நுழைக்கும்போது வலியில் பல்லைக் கடித்தார். பெல்ட், சட்டை, ஷூ. அலமாரியிலிருந்து விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டினேன், கேட்காமலே. வெளியே நின்றவர்கள் யாரும் கலைந்து போகவில்லை.

கொல்லைக் கதவைத் திறந்தேன். கைத்தடி இடது கையில். படியில் ஒரு நிமிஷம் நின்றார். இறங்கினார். பிப்ரவரிக்குப் பிறகு அவர் கால் மண்ணில் பட்டது இன்றுதான். வலது ஷூ தரையில் கோடு இழுத்துக்கொண்டே போனது. எட்டுப் பத்துப் பேர் சட்டியும் மண்வெட்டியுமாக நின்றார்கள். குணசீலன் மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டான்.

நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினார்.

சத்தம் வரவில்லை. உதட்டின் வலது ஓரம் மூடவில்லை, காற்று அந்த வழியாக ‘புஸ்’ஸென்று போனது. இன்னொரு முறை ஊதினார். அதே ‘புஸ்’. எச்சில் தாடையில் வழிந்தது. இது நடக்கும் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை. எல்லோரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். இவர் விசிலை விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். இதோ திரும்பிப் போகிறார், இனி வரவே மாட்டார் என்று மட்டும் தெரிந்தது.

தெய்வானை ஓர் இரும்புச் சட்டியை மண்ணைத் தட்டிவிட்டு எடுத்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் கிடந்த கல்லின்மேல் கவிழ்த்தாள். இடுப்பிலிருந்து இட்லிக் கரண்டியை உருவி இவர் முன்னால் நீட்டினாள். “விசிலு கெடக்குது. இதைத் தட்டுங்கய்யா. சீக்கிரம், எனக்கு அந்தக் கரண்டி வேணும்.”

இவர் கரண்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கரண்டியை வாங்கினார்.

டங்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். கரண்டியாலேயே காட்டினார்: நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம், ஓர் அடி தள்ளு. எதிரும் புதிருமாக இரண்டு வரிசை. நான்கூட ஒரு ஸ்பூனாக நின்றேன். டங், முட்டி மடங்கியது. டங், சட்டி கைமாறியது. டங். டங். ஒரு சட்டிகூடக் கீழே விழவில்லை. பத்மாவதி, “ஐயோ, வலிக்கவே இல்லையே,” என்று ஆச்சரியப்பட்டாள்.

குணசீலன் பக்கத்தில் நின்றவனிடம் ஏதோ பேசப் போய், தாளத்தை விட்டான். வரிசை தடுமாறியது.

டங் டங்.

இரண்டு. குணசீலன் சட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். யோசிக்கவே இல்லை. பேரன் எடுக்கப்போகிற வயசில், கைலியைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கால் ஓரத்து வேப்பமரத்தைச் சுற்றி ஓடித் திரும்பி வந்து, மூச்சு வாங்கியபடி வரிசையில் நின்றான். நின்ற பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரிந்தது.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பத்மாவதி முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தெய்வானை மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். இவரும் சிரித்துக்கொண்டிருந்தார். வாயின் இடது பாதி மட்டும் சிரித்தது. கண்கள் இரண்டும் சிரித்தன.

அக்டோபர் 2

தோண்டத் தோண்ட வரிசை ஊருணிப் பக்கம் நகர்கிறது. நாற்காலி இன்று கொல்லைக் கதவிலிருந்து மூன்று வீடு தள்ளி. அங்கிருந்து பார்த்தால்தான் கடைசி ஆள் தெரிகிறதாம். அதனால் அதுவரை நடக்க வேண்டும். நான் எதுவும் சொல்லவில்லை. வாய்க்காலே சொல்லிவிடுகிறது.

இரண்டு கரண்டி வளைந்துவிட்டது. தெய்வானை தினமும் திட்டுகிறாள், தினமும் வேறு கரண்டி கொண்டுவருகிறாள்.

அக்டோபர் 6

பாய் முதுகு சரியாகி வந்தார். நேராக இவரிடம் போய், “அன்னிக்கு உங்க வீட்ல வந்து…” என்று தொடங்கினார். இவர் கரண்டியால் வரிசையைக் காட்டினார். “முட்டியை மடக்கு பாய்.” அவ்வளவுதான் பேச்சு. பாய் போய் நின்றார்.

அக்டோபர் 9

டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். “என்ன பயிற்சி குடுத்தீங்க?” என்றார். இவர் முந்திக்கொண்டு, “மண்ணு,” என்றார். இறுக்கம் தளர்ந்திருக்கிறது, முழுக்க வராது, ஆனால் நடை நிற்கும் என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும் வழியில் கடைத்தெருவில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, இறங்கி, தானே போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார். ஆரஞ்சு வாங்கவில்லை.

அக்டோபர் 13

கடைசி நாள். வாய்க்கால் ஊருணியைத் தொட்டது. நாற்காலியை இன்று யாரும் தூக்கி வரவில்லை. கொல்லைக் கதவிலிருந்து ஊருணிக் கரைவரை கைத்தடியோடு நடந்தே வந்தார். மேடும் பள்ளமுமான பாதை. மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நான் கையை நீட்டியபடியே பக்கத்தில் நடந்தேன். அவர் பிடிக்கவில்லை. கரைக்கு வந்தபிறகுதான் என் கை நீட்டியபடியே இருப்பதைப் பார்த்தேன்.

அக்டோபர் 17

விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. குடையோடு கொல்லைக் கதவில் நின்றோம். காப்பி நிறத் தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு, நாங்கள் தோண்டிய வழியாக நுரைத்துக்கொண்டு ஓடியது. தெய்வானையின் தெருவில் கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை என்று பத்மாவதி போனில் சொன்னாள்.

இவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, செப்டம்பரில் நான் சொன்ன அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னார். என் குரலிலேயே, என் முகத்தை மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்த்தால் பாதி வாய் சிரிக்கிறது. குடை கையிலிருந்து நழுவும்வரை நானும் சிரித்தேன். இப்போதும் அதை எழுதப்போவதில்லை.

மதியம் ரசம் சாதம். இடது கையாலேயே பிசைந்து சாப்பிட்டார்.

அக்டோபர் 20

மழை விட்டது. பூங்காவில் கூடினோம். இவரும் வந்தார், பெஞ்சில் உட்கார்ந்தார், மடியில் கரண்டி. வாய்க்கால் முடிந்துபோனதால் என்ன செய்வதென்று தெரியாமல் பாய் பழையபடி கையைத் தூக்கினார். நாங்களும் தூக்கினோம். குழாயடியிலிருந்து தெய்வானை, “மறுபடி வெறுங்கையா?” என்றாள்.

பெஞ்சுக் கம்பியில் டங் டங். இம்முறை ஓடியது பாய்.

அடுத்த வேலை ஜோசப்பின் அம்மா வீடு என்று இவர் முடிவு செய்துவிட்டார். “நாம அந்தம்மாவுக்கு சா… சாமான் தூக்குறோம். அவங்க நமக்கு என்ன செய்யுறாங்க?” என்று கேட்டார். “நர்ஸு. தினம் ஒரு ஆளுக்கு பி.பி. பாத்துச் சொல்லட்டும். போய்க் கேளுங்க.” நான் போய்க் கேட்டேன். ஜோசப்பின் அம்மா பதில் சொல்வதற்கு முன்னால் எழுந்து போய்க் கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

பாடம் முடிந்தால் வீட்டுப்பாடம் கொடுக்காமல் என்னால் புத்தகத்தை மூட முடிந்ததில்லை. யார் கையில் இந்த டைரி கிடைத்தாலும் அவர்களுக்கு ஒன்றே ஒன்று: உங்கள் தெருவில் வெளியே வராமல் இருக்கும் ஒருவரைப் பார்க்க நாளைக் காலை நடந்து போங்கள், பழம் வாங்காமல் வெறுங்கையோடு போங்கள், அவரால் செய்ய முடிந்த ஒரு வேலையைச் செய்து தரும்படி கேளுங்கள்.